மலைப்பழமும் அதன் பெயரும்



சிறு தொழில் நடத்துவோரிடம் விற்பனையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு உடனே விளம்பரத்தின் பக்கம் திரும்பிவிடுகிறது. பெயர்ப்பலகை எவ்வளவு பெரியது, கைப்பேசியில் எத்தனை பேருக்குச் செய்தி சென்றது என்பனவே கேள்விகளாகின்றன. ஒரு பொருளின் பெயர் மக்களிடையே பரவிய பின்னர் அப்பெயரைக் காப்பது எவ்வாறு என்று கேட்போர் குறைவு. பெயர் பெறுவதினும் இதுவே கடினமானது. பழனி மலைத்தொடரில் விளையும் ஒரு வாழைப்பழம் இதற்கு நல்ல சான்று.

பழனி வட்டாரம் தமிழ்ச் சமணர்க்குப் புதிதன்று. பழனிக்கு அண்மையிலுள்ள ஐவர்மலையில், சகம் 792இல், அதாவது கி.பி. 870இல், சாந்திவீரக் குரவர் பார்சுவ பட்டாரர் திருமேனியையும் இயக்கியர் உருவங்களையும் புதுக்கி, 505 காணம் பொன் வைத்தமையை வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. ஐந்நூறு என்று முழுத்தொகையாக எழுதாமல் ஐந்து காணத்தையும் விடாது கல்லில் பொறித்த அந்தக் கணக்கு, வாணிகம் செய்வோர் ஒருமுறை சென்று காணத்தக்கது.

பழனி மலைத்தொடரின் கிழக்குப் பகுதியைக் கீழ்ப்பழனி மலை என்பர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் ஆகிய ஊர்ப்புறங்களில் காப்பிச் செடிகளோடு கலந்து பயிராவது விருப்பாட்சி மலைவாழை. இப்பழத்தில் நீர்ப்பசை குறைவு. மணமும் இனிப்பும் மிகுதி. பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு இப்பழம் வேண்டப்பட்டதன் காரணம் அதுவே. ஒரு சொட்டு நீரும் சேர்க்காது, கெடாமற்காக்கும் மருந்தும் இடாது செய்யப்படும் அப்பண்டம் பல நாள் தாங்குகிறது. தேன் சேர்வதால், தேன் விலக்கிய நோன்பினர் அதனை உண்பதில்லை என்பது வேறு செய்தி. விளைவிப்போர்க்கு நிலையான ஒரு வாடிக்கை அதனால் அமைந்தது என்பதே இங்கு வேண்டப்படுவது.

1970களில் இவ்வாழையை முடிக்கொத்து நோய் பற்றியது. வாழை அசுவினி என்னும் சிறுபூச்சி அதனைப் பரப்பியது. நோயுற்ற தாய்மரத்துக் கன்றை அறியாது நட்டவர்களாலும் அது பரவியது. 18,000 எக்டேர் அளவில் இருந்த மலைவாழைப் பரப்பு 2,000 எக்டேர் அளவிற்குச் சுருங்கியதாக வேளாண் அறிவியலார் எழுதியுள்ளனர். பழம் குறைந்தது; பழத்தின் பெயர் குறையவில்லை. கேட்டு வருவோர் வந்தவண்ணம் இருந்தனர், விலையும் ஏறியது.

வணிகர்க்கு இதனினும் பெரிய சோதனை இல்லை. பொருள் தேங்கிக் கிடக்கும் நாளில் நேர்மை எளிது. பெயர் இருந்து பொருள் இல்லாத நாளில், கூடையின் அடியில் சமவெளிப் பழம் பாதி வைத்தால் எவர் அறிவார் என்னும் எண்ணம் எழாத கடை அரிது. 'இன்று மலைப்பழம் இல்லை' என்று ஒருவரைத் திருப்பியனுப்பும் கடைக்காரர் அன்றைய வருவாயை இழக்கிறார். அந்த இழப்பைச் சிறிதென்று சொல்வது அறிவுரை கூறுவோர்க்கு எளிது. வாடகையும் கூலியும் தருபவர்க்கு அது சிறிதன்று.

ஆயினும் இல்லறத்தார்க்குரிய ஒழுக்கங்களைத் தமிழில் வகுத்த அருங்கலச்செப்பு இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. அளவிற் குறைத்தலும், ஒத்த தோற்றமுடைய தாழ்ந்த பொருளைக் கலத்தலும் கள்ளாமை நோன்பின் அதிசாரங்களாகும். இவை பொய்யின்கீழ் வையாது களவின்கீழ் வைக்கப்பட்டமை ஊன்றி நோக்கத்தக்கது. கலப்பவர் வாங்குவோரிடம் விலையைக் கவர்கிறார். அத்துடன், மலையேறி வாழை நட்டவரிடமிருந்து பெயரையும் கவர்கிறார். ஒருமுறை ஏமாந்தவர், 'மலைப்பழம் என்பதெல்லாம் இவ்வளவுதான்' என்று முடிவுகட்டி, உண்மையான மலைப்பழத்திற்கும் உரிய விலை தர மறுப்பார்.

விளையும் இடத்தோடு இணைந்த பெயரும் சொத்தே என்பதை இந்தியச் சட்டம் அண்மையில்தான் தனியே ஏற்றது. புவிசார் குறியீடு பற்றிய சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையிலேயே உள்ளது. விருப்பாட்சி மலைவாழை 2008-09ஆம் ஆண்டில் பதிவு பெற்றது. பழனிப் பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019இல் பெற்றன. பூண்டு சமணர் அடுக்களையில் புழங்காத பொருள். எனினும் பூம்பாறை, மன்னவனூர் உழவர்க்கு அதுவே வாழ்வு.

இச்சட்டத்தில் பலரும் கவனியாத ஒரு படி உண்டு. குறியீடு ஒரு சங்கத்தின் பெயரால் பதிவானவுடன் ஒவ்வொரு விற்பனையாளர்க்கும் அதைப் பயன்படுத்தும் உரிமை தானாக வந்துவிடுவதில்லை. 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தம் பெயரைத் தனியே பதிவு செய்துகொள்ளல் வேண்டும். விளைவிப்போர் மட்டுமின்றி, அப்பொருளைப் பக்குவம் செய்வோரும் பொட்டலமிடுவோரும் அதில் வாணிகம் செய்வோரும் விண்ணப்பிக்கலாம். பதிவு 10 ஆண்டு செல்லும், பின்னர்ப் புதுப்பிக்கலாம். விளம்பரத்திற்குச் செலவிடுமுன் செய்யத்தக்க செலவு இது.

மலையுச்சிக்குச் சென்றால், கொடைக்கானல் கடைவீதியில் இதற்கு மறுதலையான காட்சி உண்டு. கடைக்குக் கடை 'ஹோம்மேட் சாக்லேட்' என்ற பலகை. கொக்கோ வெப்பமண்டலத் தாழ்நிலப் பயிர். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக் குளிரில் அது விளையாது. குளிர்ந்த காற்று சாக்லேட்டை உருகாது காக்கும் என்ற அளவில் மலைக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் எல்லோரும் ஒரே சொல்லை எழுதும்போது அச்சொல் எவர்க்கும் விற்றுத் தருவதில்லை; எஞ்சுவது விலைக்குறைப்புப் போட்டி மட்டுமே. கொக்கோ எங்கிருந்து வந்தது, எந்நாளில் செய்தது, முட்டையோ மதுவோ சேர்ந்ததா என்று அட்டையில் எழுதுபவர் அப்போட்டியிலிருந்து விலகி நிற்கிறார். பாலாடைக்கட்டியும் இவ்வாறே. பாலை உறையச் செய்யும் பொருள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததா, நுண்ணுயிரிலிருந்து பெற்றதா என்பதைத் தெளிவாகச் சொல்லும் ஒரு வரி, சமண இல்லங்களில் பெரிய விளம்பரத்தினும் மிகுதியாக விற்கும்.

சுற்றுலாப் பயணியர் ஒருமுறையே வருவர் என்று எண்ணும் கடைக்காரரே கலப்படத்திற்கு எளிதில் துணிகிறார். அக்கணக்கு தவறானது. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். மழையும் மண்சரிவும் சாலையை மூடுவதுண்டு. சாலை எவர் கையிலும் இல்லை. வந்து வாங்கியவரின் ஊரும் தொலைபேசி எண்ணும், அவர் இசைவோடு குறித்த ஒரு குறிப்பேடு கடைக்காரர் கையில் இருக்கும். காப்பியும் மிளகும் அஞ்சலில் சென்னைக்கும் கோவைக்கும் கெடாமற் செல்லும்.

இறுதியாக, தமிழ்ச் சமண இளையோர் கருதவேண்டிய ஒரு பெயர் உண்டு. சுற்றுலா ஊர்களின் உணவகங்களில் 'ஜைன் உணவு கிடைக்கும்' என்னும் பலகை இன்று பெருகிவிட்டது. இப்பெயரை எந்தப் பதிவகமும் காப்பதில்லை. வெங்காயம் மட்டும் நீக்கிய குழம்பும் அப்பெயரால் விற்பனையாகிறது. வந்தவாசியிலோ திண்டிவனத்திலோ ஊறுகாயும் பொடியும் செய்து அச்சொல்லை அட்டையில் இடுபவர், கிழங்கும் வெங்காயமும் பூண்டும் பச்சை இஞ்சியும் தேனும் இல்லை என்பதையும், வடிகட்டிய நீரில் கதிர் மறையுமுன் சமைத்தது என்பதையும், அது உண்மையாயின், அச்சொல்லின் கீழேயே தெளிவாக அச்சிடலாம். அவ்வாறு சமைக்க இயலாத நாளில் அந்த அட்டையை ஒட்டாமல் வேறு அட்டை ஒட்டலாம்.