முதல் பாஸ்போர்ட்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியதைப் பெரும்பாலும் அப்படியே தருகிறோம்.)



ரயில்வே கவுன்ட்டரில் நான் தினமும் காண்பது டிக்கெட். ஜோலார்பேட்டையிலிருந்தோ, சேலத்திலிருந்தோ, திருவண்ணாமலைப் பக்கமிருந்தோ பெங்களூருக்கு வர நம் தாய் தந்தையருக்கு அந்த அட்டை ஒன்றே போதுமாக இருந்தது. ‘நீ எந்த நாட்டுக்காரன்?’ என்று வழியில் யாரும் கேட்கவில்லை. பிழைப்புத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள் நாம். நம்மிடையே, நம் தெருவிலேயே, அந்தக் கேள்விக்கு மூன்று தலைமுறையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் குடும்பங்களும் உண்டு. இன்று அவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் தன் பாட்டியுடன் நம் சங்கத்துக்கு வந்தாள். நர்ஸ் படிப்பு முடித்தவள். 1998-இல் இதே பெங்களூரில் பிறந்தவள். வளைகுடா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டாள். விசாரணைக்கு வந்தவர் தகப்பனார் பிறந்த ஊரைக் கேட்டார். ‘இலங்கை, ஹட்டன் பக்கம்’ என்றாள். ‘அப்படியானால் நீங்கள் அகதியா?’ என்றார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத பதிலை அவர் பாதகமாக எழுதிவிட்டார். எந்தக் காவல் நிலையம் என்று சொல்லத் தேவையில்லை. எங்கும் நடப்பதுதான்.

அந்தப் பெண் அகதி அல்ல. அவள் தகப்பனாரும் அகதி அல்ல. 1976-இல் இந்திய பாஸ்போர்ட்டோடு, இந்தியப் பிரஜையாக, முறைப்படி கப்பலில் வந்திறங்கிய குடும்பம் அது. ஆனால் அதை எடுத்துச் சொல்ல வேண்டிய பேத்திக்கே அந்தக் கதை தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே, நம் ஜில்லாக்களிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு போனது வெள்ளையன் காலத்துச் சேதி. 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு வருஷமே அதற்குத் தண்டனை வந்தது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் அமலாயிற்று. தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது சட்டம். லயத்துக் காம்பிராவில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்புச் சான்று எழுதி வைத்தவர் யார்? அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1949-இல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் சுமார் 8 லட்சம் பேர் மனுப் போட்டார்கள். தேறியவர்கள் சுமார் 1,34,000 பேர். மற்றவர்கள் நாடற்றவர்கள்.

பிறகு 1964 அக்டோபர் 30. டில்லியில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டார்கள். கணக்கு இப்படி: மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார்கள். 1974-இல் இந்திரா அம்மையார் காலத்தில் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பாதியாக அறுத்தார்கள். சந்தையில் மாட்டைப் பிரிப்பவன்கூட மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். இந்தப் பத்து லட்சம் பேரின் வாயைத் திறந்து ‘உனக்கு எந்த நாடு வேண்டும்?’ என்று ஒப்பந்தத்துக்கு முன் யாரும் கேட்கவில்லை.

பின்னர் மனுக் கொடுக்கச் சொன்னார்கள். இந்தியாவுக்கு மனுக் கொடுத்தவர்கள் கண்டியிலிருந்த இந்திய உதவி ஹைகமிஷன் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். ஒரு நாள் பேர் விழாவிட்டால் ஒரு நாள் கூலி இல்லை. அப்படிப் பல நாள் கூலியை விட்டுப் போனார்கள். அங்கே கேட்ட கேள்விகளைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ‘இந்தியாவில் உன் ஊர் எது? தாலுகா எது? ஜில்லா எது?’ இந்தியாவைக் கண்ணால் காணாதவனிடம் கேட்ட கேள்வி. பாட்டன் வாயில் கேட்ட ஊர்ப் பெயரைச் சொன்னான். கணக்கப்பிள்ளை எழுதின பெயர் ஒன்று, பிறப்புப் பதிவில் இன்னொன்று, மனுவில் மூன்றாவது. அந்தப் பெயர்க் குழப்பம் இன்று பேரப்பிள்ளைகளின் ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் வந்து நிற்கிறது.

மனு தேறியவர்களை 1955-ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் பதிவு செய்தார்கள். பதிவுச் சான்று ஒன்று, பாஸ்போர்ட் ஒன்று. நம்மில் பலருக்கு இது புரிவதில்லை. அவர்கள் இந்தியாவுக்கு வந்து குடியுரிமை கேட்டவர்கள் அல்ல. இந்திய மண்ணில் கால் வைக்குமுன்பே இந்தியர்கள் ஆனவர்கள். அவர்களுடைய முதல் பாஸ்போர்ட் அயல் மண்ணில் கிடைத்தது. அந்த அயல் மண் அவர்கள் பிறந்த மண்.

பொதுவாகப் பாஸ்போர்ட் எதற்கு? வெளிநாடு போய்விட்டுத் திரும்பி வர. இவர்களுக்குக் கிடைத்தது திரும்பி வராமல் போவதற்கு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்ட புத்தகம். கைநாட்டு வைத்தவருக்கு அதில் தன் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றே தெரியாது. சேமலாப நிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்துக் கொண்டு போகும் சொத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம், ஆனால் ஒரு குடும்பத்துக்கு 4,000 ரூபாய்க்குக் கீழே அந்த வரம்பைக் குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். பரம்பரை பரம்பரையாகக் கொழுந்து பறித்ததற்கு அதுதான் உத்தரவாதம்!

மலைநாட்டு ஸ்டேஷன்களிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ரயில்வே ஊழியன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு ரயிலுக்கு இதைவிடத் துயரமான பெயரை நான் கேட்டதில்லை. தகப்பனுக்கு இந்தியா, மகனுக்கு இலங்கை என்று ஒரே லயத்துக்குள் கோடு விழுந்திருந்தது. தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு ‘ராமானுஜம்’ கப்பல். அப்புறம் மண்டபம் முகாம். கையில் குடும்ப அட்டை. யாருக்கு எந்த மறுவாழ்வு, எந்த இடம் என்பது அதில் இருக்கும். சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், சிலருக்கு வியாபாரக் கடன், சிலருக்கு நம் கர்நாடகத்தில் தென் கன்னட ஜில்லா சுள்ளியா, புத்தூர் வட்டாரத்து ரப்பர் தோட்டம். தேயிலைக் கத்தி பிடித்த கை ரப்பர் பால் வெட்டக் கற்றுக்கொண்டது. அங்கிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து சேர்ந்த குடும்பங்களில் ஒன்றுதான் நான் சொன்ன பெண்ணின் குடும்பம்.

இனி மற்ற பாதியையும் சொல்ல வேண்டும். 1983 கலவரத்துக்குப் பின் 1984-இல் கப்பல் நின்றது. மூன்று லட்சத்துக்கும் மேலானோர் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள். இந்தியக் குடியுரிமை பெற்றும் கப்பல் ஏற முடியாமல் அங்கேயே நின்றவர்கள் எண்பதாயிரத்துக்கும் மேல். கையில் ஒரு நாட்டின் பாஸ்போர்ட், கால் இன்னொரு நாட்டின் மண்ணில். இலங்கையின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவர்களும் ஓர் உறுதிமொழியின் மூலம் அந்நாட்டுப் பிரஜைகளாக வழி செய்தது. ஒப்பந்தம் முடிந்து 39 வருஷம் கழித்து! வேறு சிலர் கலவரத்துக்குத் தப்பி, கிடைத்த படகில் ஏறி வந்தார்கள். அவர்கள் இந்திய வம்சாவளியினர்தான். ஆனால் வந்த வழி வேறு என்பதால் ‘அகதி’ என்று எழுதப்பட்டார்கள். அவர்களில் பலர் இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது.

தாயகம் திரும்பியவர் வேறு, அகதியாக வந்தவர் வேறு என்று நான் பிரித்துச் சொல்வது ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்த அல்ல. இருவரும் ஒரே லயத்துப் பிள்ளைகள். ஆனால் சட்டம் இருவருக்கும் வெவ்வேறு கதவு வைத்திருக்கிறது. எந்தக் கதவு நம்முடையது என்று தெரியாமல் தட்டினால் இரண்டும் திறக்காது.

இப்போது நம் பெண்ணின் கதைக்கு வருகிறேன். பாஸ்போர்ட் மனுவில் ஒரு கேள்வி உண்டு. இந்தியக் குடியுரிமை எப்படி வந்தது? பிறப்பாலா, வம்சாவளியாலா, பதிவாலா? நம்மவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. பிரவுசிங் சென்டர் பையன் எல்லாருக்கும் ‘பிறப்பு’ என்று தட்டிவிடுகிறான். கண்டியில் பிறந்து அங்கேயே பதிவான பெரியவருக்கு அது தவறு, அவருக்கு ‘பதிவு’. தகப்பன் பதிவான பிறகு அங்கே பிறந்த குழந்தைக்கு ‘வம்சாவளி’. இந்தியாவில் பிறந்தவருக்கு மட்டுமே ‘பிறப்பு’. அதிலும் காலக் கணக்கு உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியர். அன்றிலிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவர் இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவருக்கு இருவரும் பிரஜைகளாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் பிரஜையாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும்.

அவள் 1998-இல் பிறந்தவள். ஆகவே தகப்பனார் பிரஜை என்று காட்டினால் பிரச்சினை தீர்ந்தது. எதைக் கொண்டு காட்டுவது? அப்போதுதான் அந்தப் பாட்டி, ‘கெழவர் பொஸ்தகம் ஒண்ணு டிரங்குப் பொட்டில கெடக்கு சாமி’ என்றார். வீடு மாறும்போது பழைய காகிதத்தோடு எடைக்குப் போட இருந்ததாம். சேலைக்கு அடியில் அது கிடந்தது. கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட், மடித்து வைத்த பதிவுச் சான்று, குடும்ப அட்டை. எட்டு வயதுப் பையனாக அவள் தகப்பனாரின் பெயரும் அதில் இருந்தது. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது, பெயரைத் தொடவில்லை. பிரதிகளை இணைத்து, விளக்கம் எழுதி, நேரில் போய்க் கொடுத்தோம். பாஸ்போர்ட் வந்தது.

ஆனால் அந்த ஆஸ்பத்திரி அவளுக்காகக் காத்திருக்கவில்லை. வேறு ஆளை எடுத்துக்கொண்டது. இதை நான் வெற்றிக் கதையாகச் சொல்ல மாட்டேன். ஒரு குடும்பத்தின் கடன் தீர்க்க வந்த வேலை, ‘அகதியா?’ என்ற ஒரு சொல்லில் போயிற்று.

தோழர்களே, பாஸ்போர்ட் சர்க்கார் போடும் பிச்சை அல்ல. ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட், வெளிநாடு போகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. அந்த ஜூன் மாதமே பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1978-இல் மேனகா காந்தி வழக்கு அதை மேலும் உறுதியாக்கியது. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும், கேட்டால் பொதுவாக அதைக் கொடுக்க வேண்டும், மேல்முறையீடு உண்டு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 1987-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் என்ற காரணத்தால் அவருக்கு வழங்கச் சொன்னது. 2024 தேர்தலில் அவர் வாக்கும் அளித்தார். சட்டத்தைத் தெரிந்து வழக்காடியதன் பலன் அது.

இது நமக்கு மட்டும் நேரும் கொடுமை என்று எண்ண வேண்டாம். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிரிட்டனுக்கு உழைக்கப் போன கறுப்பினத்தாரின் பழைய வருகைச் சீட்டுகளை 2010-இல் அங்கே சர்க்காரே அழித்தது. பிறகு அவர்களையே ‘எப்போது வந்தாய், சான்று காட்டு’ என்றது. வேலை போனவர்கள் உண்டு, நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. 2018-இல் அது வெடித்து மந்திரியே ராஜினாமா செய்தார். உழைக்கும்போது கேட்காத காகிதத்தை உரிமை கேட்கும்போது கேட்பது எல்லா நாட்டு ஆளும் வர்க்கத்துக்கும் பழக்கம்.

ஆகவே வீட்டுக்கு வீடு சொல்லுங்கள். பாட்டன் பாஸ்போர்ட், பதிவுச் சான்று, குடும்ப அட்டை, இந்த மூன்றையும் எடைக்குப் போடாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். பிரதி எடுத்து, வெவ்வேறு பிள்ளைகள் வீட்டில் ஒவ்வொன்று வையுங்கள். பெயர் வித்தியாசம் இருந்தால் அவசரம் வருமுன் சரி செய்யுங்கள். காகிதம் தொலைந்தவர்கள் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மறுவாழ்வுத் துறையிடம் பிரதி கேளுங்கள். மத்திய சர்க்கார் அலுவலகமானால் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்தான். பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் போதும். அதற்கு மேல் ஏஜெண்டுக்கு அழாதீர்கள். இன்னொன்று, பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைகள் அந்தச் சான்றிதழை மனுவோடு காட்டுங்கள். இல்லையேல் வளைகுடா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகத் தனியாகக் குடியேற்ற அனுமதி வாங்கும்படி ஆகிவிடும்.

நம் கோரிக்கையும் ஒன்று உண்டு. கண்டியில் பதிவான பெயர்ப் பட்டியல் இந்திய சர்க்காரின் சொந்தப் பதிவேடு. பாஸ்போர்ட் அலுவலகம் அதைத் தானே பார்த்து உறுதி செய்துகொள்ள ஏற்பாடு வேண்டும். கொடுத்தவனிடமே கணக்கு இருக்கும்போது, வாங்கியவனின் பேத்தி டிரங்குப் பெட்டியைக் கிளற வேண்டியதில்லை. இதற்கான கையெழுத்துத் தாள் அந்த மேசையில் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் மட்டுமல்ல, எல்லாரும் போடுங்கள். வந்த திசை எதுவானாலும் பிழைக்க வந்தவர்கள்தான் நாம் எல்லாரும்.

அந்தப் பாட்டியிடம் கிழவர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, ‘இதுக்கு இன்னும் வேலை இருக்கா?’ என்று கேட்டார். ‘இருக்கிறது அம்மா, உங்கள் கொள்ளுப்பேரன் கேட்பான்’ என்றேன். அந்தப் பெண் மறுபடியும் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். இந்த முறை பாஸ்போர்ட் அவள் கையில் இருக்கிறது.