யந்திரத்தை நம்பலாம், அறிவை அடகு வைக்கலாமா?

(அடி அண்ணாமலையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேசப்போவது ஆகாய விமானத்தைப் பற்றியாகும். மலை சுற்றும் பாதையிலுள்ள இந்தச் சிற்றூரில் விமானத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளையையோ மருமகனையோ பிழைப்புக்கு அனுப்பிவிட்டு, விமானம் இறங்கிற்றா இல்லையா என்று தூங்காமல் காத்திருந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். ஆகையால் இது நம்முடைய சங்கதிதான்.

"விமானத்தைத் தானே ஓட்டுகிற யந்திரம் வந்துவிட்டதே, இனி விமானிக்குத் திறமை எதற்கு, யோசனை எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். வேறு சிலரோ, "யந்திரத்தை நம்பினால் சாவுதான், மனிதன் கைதான் நம்பத்தக்கது" என்கிறார்கள். இரண்டும் யோசியாத பேச்சு என்பது என் அபிப்பிராயம். நான் விமானம் ஓட்டத் தெரிந்தவனல்ல. பள்ளிக்கூடப் படிப்பும் அதிகம் இல்லாதவன். ஆனாலும் விபத்துகளை விசாரித்தவர்கள் காரணங்களை எழுதிவைத்திருக்கிறார்கள். அதை யாரும் படிக்கலாம், யாரும் யோசிக்கலாம்.

தானே ஓட்டும் யந்திரம் நேற்று வந்த புதுமையல்ல. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-ல். 1914-லேயே லாரன்ஸ் ஸ்பெரி என்கிற அமெரிக்க வாலிபர் பாரிசுக்குப் பக்கத்தில் விமானத்தை யந்திரத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். அன்று முதல் யந்திரம் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பிரயாணமும் முன்னைவிட எத்தனையோ மடங்கு பத்திரமாகியிருக்கிறது. இதை மறுப்பவன் பகுத்தறிவுவாதியல்ல. ஆனால் யந்திரம் வேலையைச் செய்யும்போது, அது என்ன செய்கிறது என்பது பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

உங்கள் பம்புசெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்தால் தானே மோட்டாரை ஓட்டிவிடுகிற ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறீர்கள். நல்ல சௌகரியந்தான், நடுராத்திரியில் எழுந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று அதற்குத் தெரியுமா? மின்சாரம் வந்ததா என்பது மாத்திரந்தான் அதற்குத் தெரியும். தண்ணீர் வற்றிய கிணற்றிலும் அது மோட்டாரை ஓட்டும். காயில் புகைந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். குற்றம் ஸ்டார்ட்டருடையதல்ல, அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நாம் எண்ணிப் பார்க்காததே குற்றம்.

இதே காரியம் ஆகாயத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1990 பிப்ரவரி 14-ந் தேதி பம்பாயிலிருந்து பெங்களூருக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று 146 பேருடன் வந்தது. ஏர்பஸ் ஏ320 என்கிற, அப்போது நம் நாட்டுக்குப் புதிதான விமானம். அதில் இறங்கும்போது ஒரு முறையில் எஞ்சின் தானே கூடிக் குறைந்து வேகத்தைக் காக்கும். மற்றொரு முறையில் எஞ்சின் சும்மா சுழன்றுகொண்டிருக்கும், மூக்கைத் தாழ்த்திச் சறுக்கவிட்டே வேகத்தைக் காக்க வேண்டும். அன்று யந்திரம் இரண்டாவது முறையில் இருந்தது. விமானத்திலிருந்த அனுபவஸ்தர்கள் இருவரும் அதை உரிய நேரத்தில் உணரவில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்ததைக் காட்டும் அளவு கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. எஞ்சினைத் தூண்டியபோது அது சக்தி பெறுவதற்கு வேண்டிய சில நொடிகள் மிச்சமில்லை. ஓடுபாதைக்கு முன்னாலிருந்த கோல்ப் மைதானத்தில் விழுந்து 92 பேர் மாண்டார்கள்.

உடனே "யந்திரம் கொன்றுவிட்டது" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே ஏ320 வகை விமானம் 2009 ஜனவரி 15-ந் தேதி நியூயார்க்கில் கிளம்பிய சற்று நேரத்திற்குள் வாத்துக் கூட்டத்தில் மோதி, இரண்டு எஞ்சின்களும் சக்தியிழந்தன. தண்ணீரைத் தொடுவதற்கு மூன்றரை நிமிஷங்கூட இல்லை. தலைமை விமானி சல்லன்பர்கர், எஞ்சினில்லாத கிளைடரும் ஓட்டிப் பழகியவர். விமான நிலையத்துக்குத் திரும்பினால் எட்டாது என்று கணக்கிட்டு, ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். மூக்கு அளவுக்கு மேல் தூக்கிக்கொள்ளாதபடி அந்த யந்திரமும் கடைசிவரை உதவி செய்தது. பெங்களூரில் யந்திரம் செய்வது என்னவென்று மனிதனுக்குத் தெரியவில்லை, இங்கே தெரிந்தது. வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள்.

சரி, யந்திரத்தை விட மனிதனே எப்போதும் மேலா? அதுவும் இல்லை. 2010 மே 22-ந் தேதி காலை துபாயிலிருந்து, பிழைக்கப்போன ஏழைகளையும் ஏற்றிக்கொண்டு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் போய்விட்டார்கள். வழியில் வெகுநேரம் தூங்கி எழுந்த தலைமை விமானி, இருக்க வேண்டியதற்கு அதிகமான உயரத்திலிருந்து அவசரமாக இறக்கினார். "மேலே தூக்கு, மேலே தூக்கு" என்று எச்சரிக்கை யந்திரம் கத்திற்று. "இறங்க வேண்டாம், திரும்ப எழும்புவோம்" என்று துணை விமானி மூன்று தடவை சொன்னார். யந்திரமும் சரி, சின்னவரும் சரி, பெரியவர்தான் தவறு. சின்னவர் வாயால் சொன்னாரே தவிர, பெரியவர் கையிலிருந்ததைத் தாமே வாங்கி எழுப்பவில்லை. நாற்காலியின் உயரத்தைப் பார்த்து உண்மையை அளக்கும் பழக்கம் நம் வீட்டிலும் ஊரிலும் மட்டுமா இருக்கிறது? அது ஆகாயத்திலும் போய் உட்கார்ந்தால் இப்படித்தான் முடியும்.

இவை இரண்டையும் விடப் பெரிய அக்கிரமம் ஒன்றுண்டு. போயிங் கம்பெனி தன்னுடைய 737 மாக்ஸ் விமானத்தில், மூக்கு அதிகம் தூக்கினால் தானாகவே கீழே அழுத்துகிற ஓர் ஏற்பாட்டை வைத்தது. கோணத்தைக் காட்டும் கருவி இரண்டு இருந்தும், ஒன்றின் சாட்சியத்தை மட்டுமே அது கேட்டது. அதைவிடக் கொடுமை, இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறதென்றே விமானிகளின் கையேட்டில் சொல்லவில்லை! 2018 அக்டோபர் 28 இரவு இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானமொன்றில் இந்தக் கோளாறு வந்தது. மூக்கை அழுத்தும் மோட்டாரின் மின்சாரத்தை விமானிகள் சுவிட்சில் அறுத்துவிட்டு, கையாலேயே ஓட்டிப் பத்திரமாக இறக்கினார்கள். மறுநாள் காலை அதே விமானம் வேறு விமானிகளோடு கிளம்பிக் கடலில் விழுந்து 189 பேர் மாண்டார்கள். 2019 மார்ச் 10-ந் தேதி எத்தியோப்பியாவில் இன்னும் 157 பேர். அந்த விமானிகள் மின்சாரத்தை அறுத்துங்கூட, அந்த வேகத்தில் கைச்சக்கரத்தைத் திருப்ப மனித பலம் போதவில்லை. அதன் பிறகுதான் உலகமெங்கும் அவ்விமானங்கள் நிறுத்தப்பட்டன.

தோழர்களே! பொருள் தெரியாத பாஷையில் மந்திரத்தைச் சொல்லி, "உனக்கு அர்த்தம் வேண்டாம், தட்சணை வை" என்பதற்கும், ஓட்டுகிறவனுக்கே சொல்லாமல் யந்திரத்துக்குள் ஒன்றை ஒளித்துவைப்பதற்கும் என்ன பேதம்? யந்திரத்தைச் செய்தவன் பணக்காரன், ஓட்டினவன் செத்துப்போனவன். செத்தவன் தலையில் பழியைச் சுமத்துவது சுலபம். ஆகையால் விபத்து என்றதும் "விமானிக்குத் திறமையில்லை" என்று ஒருவன் சொன்னால், "அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய், எதை மறைத்தாய்?" என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக நம் ஊர் சங்கதி. ரேஷன் கடையில் விரல் ரேகை தேய்ந்த கிழவி நிற்கிறாள். இருபது வருஷமாக அவளை அறிந்தவனே, "யந்திரம் ஒப்புக்கொள்ளவில்லை, நாளைக்கு வா" என்கிறான். ரேகை தெரிகிறதா என்பதுதான் யந்திரத்துக்குத் தெரியும். அவளுடைய பசி அதற்குத் தெரியுமா? தெரிய வேண்டியது கடைக்காரனுக்கு. "யந்திரம் சொல்லிவிட்டது" என்பது பதிலல்ல. "நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன்" என்பதற்கு மறுபெயர்.

பௌர்ணமி இரவில் இந்தப் பாதையில் நடக்கிறவர்கள் முன்னே போகிறவன் முதுகைப் பார்த்தே நடந்துவிடலாம். தவறினாலும் மறுபடி பாதைக்கு வந்து சேரலாம். ஆகாயத்தில் அப்படிச் சேர முடியாது. ஆகவே யந்திரத்தைத் தாராளமாக வாங்குங்கள், தாராளமாக வேலை வாங்குங்கள். ஆனால் அது என்ன செய்கிறது என்று கேட்கும் உரிமையையும், வேண்டியபோது அதை நிறுத்தத் தெரிந்த கையையும் எவனிடத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், விசாரித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.