கண்டதே குருவாக



நாம் நாள்தோறும் படிக்கும் அச்செழுத்தின் வடிவத்தை ஒருவர் அமர்ந்து கையால் வரைந்தார் என்பதை நாம் நினைப்பதில்லை. அவ்வாறு வரைந்த ஒருவரின் இளமையை இன்று எடுத்துக் கூற விரும்புகின்றோம்.

ஹேர்மன் சாப்ஃப் 1918 இல் ஜேர்மனியின் நூரெம்பேர்க் நகரிற் பிறந்தார். மின்பொறியியலாளராக வேண்டும் என்பது அவர் அவா. ஹிட்லர் ஆட்சி ஏற்பட்ட 1933 இல், தொழிற்சங்கத் தொடர்புடைய தந்தையார் வேலையிழந்தார். மகனுக்கு மேற்படிப்பின் வாயில் அடைபட்டது. புகைப்படங்களைத் திருத்தும் தொழிலைப் பழகச் சேர்ந்தார்.

1935 இல் அந்நகரில் ஒரு கண்காட்சி நடந்தது. முந்திய ஆண்டு காலமான அச்செழுத்துக் கலைஞர் ருடோல்ஃப் கொஹ் நினைவாக அவருடைய ஆக்கங்கள் வைக்கப்பட்டிருந்தன. இளைஞர் மனத்தைப் பறிகொடுத்தார். கொஹ்ஹின் நூலொன்றும், இங்கிலாந்தின் எட்வேர்ட் ஜோன்ஸ்ரனின் நூலொன்றும் வாங்கினார். வீட்டறையிலிருந்து, பட்டைமுனைப் பேனாவால் எழுதி எழுதிப் பழகினார். அருகில் ஆசிரியர் இல்லை. ஏகலைவன் கற்ற வழி அது. பின்னாளில் பலட்டீனோ, ஒப்டிமா ஆகிய புகழ்பெற்ற எழுத்துவடிவங்களை அளித்தது அந்தக் கைதான். கணினிகளிற் பலட்டீனோ இன்றும் உண்டு.

நம்மிடையேயும் பல்கலைக்கழக வாயில் திறவாத இளைஞர் பலர் உளர். பெரியோர்களே, உங்கள் கைத்திறனை அவர்கள் கண்ணிற் படும்படி வையுங்கள். இளைஞர்களே, கண்டு வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். வீடு சென்றதும் கருவியைக் கையில் எடுங்கள்.