அடம்பன் இலை



'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற பழமொழியை மேடைகளில் கேட்டுக் கேட்டு நமக்கு அலுத்தே போய்விட்டது. அந்தக் கொடியை நேரில் கண்டவர்கள் எத்தனை பேரோ! சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை கடற்கரையோரம் நடந்தால் காலில் இடறும். மணலைப் பற்றிப் படர்ந்து, காலை வெயிலில் ஊதாப் புனல்களாகப் பூத்துக் கிடக்கும். சங்கப் புலவர்கள் அதை அடும்பு என்றார்கள். பிளவுபட்ட அதன் இலையை மானின் குளம்புக்கு ஒப்பிட்டது குறுந்தொகை. இலத்தீனில் பெயர் சூட்டியவர்களோ ஆட்டின் பாதம் என்றார்கள். மானோ ஆடோ, இரு சாராரும் இலையை உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த இலை அறிமுகமானது உடப்பில். மார்கழி விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். அம்பாப் பாடலோடு கரைவலை இழுப்பதைப் பார்ப்பதே எங்களுக்குத் திருவிழா. மடி கரையேறும்போது மீனோடு சொறிமுட்டையும் வரும். ஜெலி மீனைத்தான் சொல்கிறேன். ஒரு நாள் அதன் நூல்கள் என் தம்பியின் காலில் சுற்றிக்கொண்டன. சவுக்கால் அடித்தாற்போல் சிவந்த வரிகள். அவன் அலறிய அலறலில் ஒருவர் மணலை அள்ளித் தேய்க்க வந்தார். இன்னொருவர் கிணற்றுத் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"ரெண்டும் வேணாம்" என்று தடுத்தார் பெரியம்மா.

கடல் நீரையே ஊற்றி அலசினார். ஒட்டியிருந்த நூல்களைக் கையால் தொடாமல் குச்சியால் எடுத்தார். அதன் காரணம் எனக்குப் பிற்காலத்தில்தான் விளங்கியது. அந்த நூல்களில் உள்ள நுண்ணிய நஞ்சுப் பைகள் தேய்த்தாலும் நன்னீர் பட்டாலும் வெடித்து, மேலும் நஞ்சைச் செலுத்தும். அதன் பிறகுதான் இலை வந்தது. நசுக்கிப் பூசினார். சற்று நேரத்தில் தம்பியின் அழுகை விம்மலாகக் குறைந்தது.

இது கிழவிகளின் நம்பிக்கை மட்டுமல்ல. இந்த இலைச் சாரம் ஜெலி மீன் நஞ்சின் சில விளைவுகளைத் தணிப்பதாகத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 1991இல் எழுதினார்கள். ஆனால் அவர்கள் கையாண்டது ஆய்வுகூடத்துச் சாரம். நம் அம்மியில் அரைத்த விழுதல்ல. தாங்கக்கூடிய வெந்நீரில், 45 பாகை அளவில், இருபது நிமிடம் காலை வைத்திருப்பதும் வலியைக் குறைக்கும்.

இலை பறிப்பதிலும் கவனம் வேண்டும். இறால் பண்ணைக் கழிவு ஓடும் இடத்தில் பறிக்கக் கூடாது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபின் மேற்குக் கரை மணலில் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியதை மறந்துவிட முடியுமா? கொதித்தாறிய நீரில் கழுவி, மிளகாய் படாத கல்லில் நசுக்க வேண்டும். (பெரியம்மா இதற்கென்றே ஒரு சிறு கல் வைத்திருந்தார்.) முதலில் முழங்கையில் சிறிது தடவி, அரிப்பு இல்லையென்று கண்டபின், தோல் கிழியாத இடத்தில் மட்டும் பூசலாம். கண்ணருகே வேண்டாம். மிஞ்சிய விழுதை நாளைக்கென்று வைக்கக் கூடாது. மூட்டு வலிக்கு இலையை வெறும் சட்டியில் வதக்கி, சூடு பார்த்து, துணியில் கட்டுவார்கள்.

அண்மையில் ஒரு கைபேசிக் காணொளியில் இதன் சாற்றைக் குடிக்கச் சொன்னார்கள். பெரியம்மா கேட்டிருந்தால் கைபேசியையே கடலில் எறிந்திருப்பார். இது உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தல்ல.

பின்னொரு விடுமுறையில் சித்தப்பாவை, பெரியப்பாவின் தம்பியை, சொறிமுட்டை சுட்டது. நான் இலை பறிக்க ஓடினேன். திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, உதடு வீங்கியிருந்தது. பெரியம்மா என் கையிலிருந்ததைத் தட்டிவிட்டார். "இது இலைக்கு அடங்காது. வண்டியைக் கொண்டா" என்றார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சித்தப்பா, தன்னைக் காப்பாற்றியது அடம்பன்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"பூசவே இல்லையே!" என்றார் பெரியம்மா.