சொல்லாத நன்றியும் சொல்லிக்காட்டும் உதவியும்



குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலும் நல்லுறவை வளர்த்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றி இன்று சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன். உறவு முறிவதற்குப் பணம், சொத்து, சம்பந்தம் என்று பல காரணங்களை நாம் கூறுவதுண்டு. ஆனால், பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணன் தம்பிகளிடம் சற்று உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். "அவனுக்காக நான் எவ்வளவோ செய்தேன், ஒரு வார்த்தை உண்டா?" என்பார் ஒருவர். "செய்ததை நாலு பேர் முன்னால் சொல்லிக்காட்டிவிட்டாரே!" என்பார் மற்றவர். இவை இரண்டும் தனித்தனிக் குறைகள் அல்ல. முதற்குறைதான் இரண்டாவது குறையைப் பெற்றெடுக்கிறது. இதுவே இன்றைய பேச்சின் சாரம்.

நம் நாட்டில் பலருக்கும் பழக்கமான ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். 1960-களில் ஒரு ரப்பர்த் தோட்டம். தகப்பனார் நோயில் விழுந்துவிடுகிறார். மூத்த மகன் தமிழ்ப்பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு பால்வெட்டப் போகிறார். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே இருட்டிலேயே எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, விளக்கும் உளியுமாக நிரைக்குப் போக வேண்டும். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. அந்த உழைப்பில் வந்த காசில்தான் தம்பி பட்டணத்துப் பள்ளிக்குப் பஸ் ஏறுகிறார், தேர்வில் தேறுகிறார், ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்கிறார்.

தம்பிக்கு நன்றியுணர்ச்சி இல்லையா? உண்டு. தம் மனைவியிடம் அண்ணனைப் புகழ்வார். நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார். அண்ணனிடம் மட்டும் சொல்லமாட்டார். "அண்ணனுக்குத் தெரியாதா? அவரிடம் போய் நன்றி சொல்வதா?" என்று கூச்சம். ஆண்டுகள் ஓடுகின்றன. தம்பி மகளின் கல்யாணத்தில், முன் வரிசையில் யார் யாரோ உட்கார்ந்திருக்க, அண்ணனைக் கவனிக்க ஆளில்லாமல் போகிறது. பல காலமாக உள்ளே கிடந்தது அன்று வெளியே வருகிறது. "என் பால்வாளியில் படித்தவன்தானே நீ!" என்று பந்தலில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறார். அன்றோடு இரு வீட்டாருக்கும் போக்குவரத்து நின்றுவிடுகிறது.

இதில் யார் மேல் குற்றம்? சொல்லிக்காட்டியது அண்ணன்தான். ஆனால், தம்பி ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, நீங்கள் இருட்டில் எழுந்து போனதனால்தான் நான் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தேன்" என்று சொல்லியிருந்தால், அண்ணன் தாமே அதை எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை எழுந்திருக்குமா? தாம் செய்தது மறக்கப்பட்டுவிட்டதோ என்ற அச்சம்தான் மனிதரைச் சொல்லிக்காட்ட வைக்கிறது.

நன்றி என்ற சொல்லையே சற்று ஆராய்வோம். திருவள்ளுவர் காலத்தில் 'நன்றி' என்றால் நன்மை என்பதே பொருள். அதனால்தான் அவர் தம் நூலின் பதினோராம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர் வைத்தார். பிறர் செய்த நன்மையை அறிதல் என்பது அதன் கருத்து. நன்றியின் முதற்படி, கண்ணைத் திறந்து பார்த்து அறிவது. அந்த அதிகாரத்துக்கு முன் நிற்பது எது தெரியுமா? 'இனியவை கூறல்'. இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை, விருந்தோம்பல் என்று வீட்டுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, இனிய சொல்லை அடுத்துச் செய்ந்நன்றியை வைத்திருக்கிறார். இனிய சொல்லும் நன்றியும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்று நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அறிவதில் நாம் எங்கே தவறுகிறோம்? கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பாருங்கள். யார் எத்தனை வெள்ளி வைத்தார் என்பது பெயரோடு எழுதப்பட்டிருக்கும். திருப்பிச் செய்யும்போது அதை எடுத்துப் பார்த்துத்தான் செய்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால், முதல் நாள் இரவெல்லாம் கண்விழித்துத் தேங்காய் துருவிய சின்னம்மா எந்த நோட்டில் இருக்கிறார்? மணவறைக்கு வாழைமரம் கட்டிய பையன் எந்த ஏட்டில் இருக்கிறான்? பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நாள்தோறும் அழைத்துவரும் பாட்டியின் கணக்கை எழுதி வைத்தவர் உண்டா? பணமாக வந்த உதவி கணக்கில் ஏறுகிறது. உழைப்பாக வந்த உதவி காற்றோடு போய்விடுகிறது. எல்லா நாளும் கிடைப்பதாலேயே கண்ணுக்குத் தெரியாமல் போகும் உதவிகள்தாம் ஒரு குடும்பத்தைத் தாங்கி நிற்கின்றன.

"எங்கள் தாய் தந்தையர் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டா வாழ்ந்தார்கள்? அவர்கள் உறவு கெட்டுப்போயிற்றா?" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு மெல்லிய பலகைச் சுவர். ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் மறு வீட்டில் கேட்கும். ஒருவர் பட்ட பாட்டை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். குழம்பு வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். இரண்டு முருங்கைக்காயாவது அதில் போகும். அந்தக் கிண்ணமே நன்றி சொல்லிற்று. இன்று நாம் அடுக்குமாடி வீடுகளிலும் தாமான்களிலும் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிறோம். கணவர் இரவு ஷிப்டு, மனைவி பகல் ஷிப்டு. ஒருவர் படும் பாட்டை மற்றவர் பார்ப்பதில்லை. பார்வை செய்த வேலையை இனிச் சொல்தான் செய்தாக வேண்டும்.

சொல்வதற்கு ஏன் கூச்சப்படுகிறோம் என்பதற்கு ஓர் ஆய்வு விளக்கம் தருகிறது. அமெரிக்காவில் அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அது. தமக்கு நன்மை செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதும்படி பலரைக் கேட்டுக்கொண்டார்கள். கடிதம் பெறுபவர் எப்படி உணர்வார் என்பதையும் முன்கூட்டியே கணிக்கச் சொன்னார்கள். பிறகு பெற்றவர்களையே விசாரித்தார்கள். எழுதியவர்கள், 'பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும்' என்று அளவுக்கு மீறி அஞ்சியிருந்தார்கள். அவருக்கு உண்டாகும் மகிழ்ச்சியையோ குறைவாக மதிப்பிட்டிருந்தார்கள். நம் கூச்சம் நமக்குச் சொல்லும் கணக்கு தப்புக் கணக்கு என்பது இதனால் விளங்குகிறது.

ஆயினும் தமிழ் வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. தாயிடமோ அண்ணியிடமோ "நன்றி" என்று சொன்னால், சங்கக் கூட்டத்தில் கடைசியாக நடக்கும் நன்றியுரை போல் அந்நியமாக ஒலிக்கும். அதனால் என்ன? அந்தச் சொல்தான் வேண்டும் என்பதில்லை. "அண்ணி, அன்றைக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்ததால்தான் நான் வேலைக்குப் போக முடிந்தது" என்று சொன்னால் போதும். இதில் மூன்று செய்திகள் இருப்பதைக் கவனியுங்கள்: இன்னார் செய்தது, இன்ன உதவி, அதனால் விளைந்த பயன். பொதுவாக "எல்லாவற்றுக்கும் நன்றி" என்பதைவிட, குறிப்பிட்டுச் சொல்லும் ஒரு வாக்கியம் நெஞ்சில் தங்கும். பெரியவர்கள் இளையவர்களுக்குச் சொல்லும்போது அது வாழ்த்தாக வரட்டும். "நீ செய்து கொடுத்த கஞ்சிதான் எனக்குத் தெம்பு தந்தது, நல்லாயிரு அம்மா" என்று மாமியார் மருமகளிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்!

நம்மோடு வாழும் மலாய் மக்கள் நன்றி கூற வழங்கும் 'தெரிமா காசே' என்ற தொடரைப் பாருங்கள். 'தெரிமா' என்றால் பெறுதல். 'காசே' என்றால் அன்பு. பெற்றது உதவி மட்டுமன்று, அன்பும்கூட என்று அந்தத் தொடர் சொல்கிறது. அதற்கு மறுமொழி 'சாமா-சாமா'. இருவரும் சமம் என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது. கொடுத்தவர் மேலே, பெற்றவர் கீழே என்ற எண்ணம் அந்த மறுமொழியில் கரைந்துவிடுகிறது.

இனி, உதவி செய்பவர் பக்கம் வருவோம். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. நியூயார்க் மாநிலத்தில் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களுடைய துணைவர்களும் நாள்தோறும் குறிப்பு எழுதினார்கள். துணைவர் உதவியதாகக் குறித்திருந்தும், படிப்பவர் அதைக் கவனிக்காமலே இருந்த நாள்களில்தான் படிப்பவரின் மனச்சோர்வு குறைந்திருந்தது. 'எனக்கு உதவுகிறார்கள்' என்று வெளிப்படையாகத் தெரிந்த உதவி சில வேளைகளில் பாரமாகவே இருந்தது. 'என்னால் தனியாக முடியாது என்று நினைக்கிறார்களோ' என்ற எண்ணம் மனிதருக்கு எழுவது இயல்பு அன்றோ?

ஆகவே உதவும்போது ஓசைப்படாமல் உதவ வேண்டும். அப்படியானால், பெற்றவருக்கு அது தெரியாமலே போகுமே என்று தோன்றலாம். உடனே தெரியாவிட்டாலும் குறையில்லை. நெருக்கடி தீர்ந்தபின் திரும்பிப் பார்த்து அறிந்து சொல்வது பெற்றவரின் கடமை. அறிவிக்காமல் செய்வது கொடுப்பவரின் கடமை. உதவியவர் சொல்லிக்காட்டலாகாது, பெற்றவர் சொல்லாமல் இருக்கலாகாது. நம் வீடுகளில் இந்த முறை தலைகீழாகி இருப்பதுதான் துன்பத்துக்குக் காரணம்.

உதவுவதற்கு முன் கேட்பதும் நல்லது. மகன் வேலையில் பட்ட அவமானத்தைச் சொல்ல வந்தால், இரண்டாம் வாக்கியத்திலேயே நாம் அறிவுரையை ஆரம்பித்துவிடுகிறோம். "நான் கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா, ஏதாவது யோசனை சொல்லவா?" என்று கேட்டுப் பாருங்கள். பல வேளைகளில் அவனுக்கு வேண்டியது நம் காதுதான். அப்போது கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்பதே பெரிய துணை.

மனக்குறை இருந்தால் அதைச் சொல்லவும் ஒரு முறை இருக்கிறது. கல்யாணப் பந்தல் அதற்கு இடமன்று. வேலை முடிந்து பசியோடு ஒருவர் வீட்டுக்குள் நுழையும் வேளை அதற்கு நேரமன்று. தனியாக, அமைதியாக, "நீ எப்போதுமே இப்படித்தான்" என்று தொடங்காமல், "அன்றைக்கு என்னைக் கூப்பிடாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருந்தது" என்று தொடங்க வேண்டும். முதலாவது ஒருவரின் குணத்தையே தாக்குகிறது. எதிர்த்துப் பேசுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. இரண்டாவது ஒரு நிகழ்ச்சியை மட்டும் பேசுகிறது. அதற்கு விளக்கம் சொல்லவும் வருத்தம் தெரிவிக்கவும் வழி இருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நன்றி என்பது அடிமைச் சீட்டன்று. "உன்னைப் படிக்க வைத்தேன், ஆகவே நான் சொல்லும் இடத்தில்தான் நீ பெண் எடுக்க வேண்டும்" என்பது உதவியை வட்டிக்கு விட்டது போலாகும். வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கு அடுத்து வைத்த அதிகாரம் 'நடுவு நிலைமை'. நன்மை செய்தவரை நினைக்கும்போது நடுவுநிலை தவறக்கூடும், அங்கேயும் அது சிதையலாகாது என்று உரையாசிரியர் பரிமேலழகர் இவ்வரிசைக்குக் காரணம் கூறுகிறார். உதவியவரைக் காலமெல்லாம் மதிப்போம்; அவர் தவறான வழிக்கு அழைத்தால், அந்த மதிப்புக் குறையாமலே, "இது மட்டும் என்னால் ஆகாது, மாமா" என்று பணிவோடு மறுப்போம்.

நேயர்களே, தோட்டத்தில் பால்வெட்டியும், கூலிவேலை செய்தும், காதில் கழுத்தில் கிடந்ததை அடகு வைத்தும் நம்மைப் படிக்க வைத்தவர்களில் பலர் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்து நிற்கிறார்கள். அவர்கள் மறைந்தபின், மலர்வளையத்தோடும் பத்திரிகையில் நினைவஞ்சலியோடும் போய் நின்று நாம் சொல்லும் நன்றி அவர்கள் காதில் விழப்போவதில்லை. இந்த வாரத்தில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர் செய்த ஒரே ஓர் உதவியை நினைத்துக்கொள்ளுங்கள். நேரில் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுங்கள். அவர் "இதையெல்லாம் போய்ச் சொல்ல வேண்டுமா?" என்று கேட்பார். கேட்கட்டும். நீங்கள் சொல்லி முடியுங்கள்.