ஹெல்பர் ஆக்கும்போது இன்டரப்ட் எங்கே போச்சு?

போன எபிசோடில் சொன்ன மாதிரி, இன்னைக்கு லினக்ஸ் கெர்னலோட ஸ்பின்லாக். லாக் கிடைக்கிற வரைக்கும் தூங்கப் போகாம, "கிடைச்சிருச்சா, கிடைச்சிருச்சா"ன்னு அதே இடத்துல சுத்திக்கிட்டு நிக்கிற லாக் இது.

லாக்கை வச்சிருக்கும்போது அதே சிபியூவில் இன்டரப்ட் வருது, அந்த ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்குதுன்னு வைங்க. லாக்கை விடவேண்டிய கோடு பாதியில நிக்குது, ஹேண்ட்லர் சுத்துது. அந்த சிபியூ அவ்வளவுதான். அதனாலதான் லாக் எடுக்கும்போதே இன்டரப்ட்டையும் அணைக்கிறோம்.

அதுக்கு ரெண்டு ஜோடி இருக்கு. ஸ்பின்_லாக்_ஐஆர்கியூ எடுத்தா, அதோட அன்லாக் முன்னாடி என்ன நிலைமைன்னு கேட்காம இன்டரப்ட்டைத் திறந்துவிடும். ஐஆர்கியூசேவ் பழைய நிலையை ஃபிளாக்ஸ்ல வச்சுக்கிட்டு, அதையே திரும்பப் போடும்.

இப்போ ரீஃபேக்டரிங். ஒரு ஃபங்ஷன்ல லாக் எடுத்து, லிஸ்ட்ல ஒண்ணைச் சேர்த்து, லாக்கை விடுற பத்து வரி. இன்டரப்ட் எப்பவும் திறந்திருக்கிற இடம், அதனால ஐஆர்கியூ போட்டது சரிதான். அதை அப்படியே வெட்டி ஹெல்பர் ஆக்குறோம். ஆறு மாசம் கழிச்சு இன்னொருத்தர், ஏற்கெனவே வேற லாக்கை ஐஆர்கியூசேவ்ல பிடிச்சிருக்கிற இடத்திலிருந்து அதைக் கூப்பிடுறார். ஹெல்பர் முடியும்போது இன்டரப்ட் திறந்துடுது. வெளி லாக் இன்னும் கையில! கம்பைல் ஆகும், டெஸ்ட்டும் பாஸ் ஆகும். சரியா அந்த இடைவெளியில இன்டரப்ட் வந்தாத்தான் மெஷின் தொங்கும். டெஸ்ட் கெர்னல்ல லாக்டெப்பைப் போட்டு வச்சிருந்தா முன்னாடியே கத்தும்.

"எல்லாத்தையும் ஐஆர்கியூசேவ் ஆக்கிடலாமே"ன்னு கேட்பீங்க. ஓடும். ஆனா இன்டரப்ட் எந்த நிலையில வருதுன்னு கோடைப் படிக்கிறவருக்கு அப்புறம் தெரியாது. என்னைக் கேட்டா, ஹெல்பர் லாக்கையே தொடக்கூடாது. கூப்பிடுறவர் பிடிச்சிட்டு வரட்டும். பேர்ல கடைசியா _லாக்டுன்னு போடுங்க, உள்ளே முதல் வரியா லாக்டெப்_அசர்ட்_ஹெல்டு. கமென்ட்டை யாரும் படிக்க மாட்டாங்க. லாக்டெப் போட்ட கெர்னல்ல இந்த வரி ஓடும்போதே பிடிச்சிடும்.

2023ல வந்த 6.5ல இருந்து கார்டு இருக்கு. பிளாக் முடிஞ்சதும் தானா அன்லாக் ஆகும், நடுவுல ரிட்டர்ன் எத்தனை இருந்தாலும் விட்டுப்போகாது. ஆனா அதிலயும் ஐஆர்கியூ தனி, ஐஆர்கியூசேவ் தனி. எது வேணும்னு நீங்கதான் எழுதணும்.

அடுத்த எபிசோடில் ரா ஸ்பின்லாக் பார்ப்போம்.