பெட்டிக்குள்ளே என்ன இருக்கு?

தலைப்பு: விளையாட்டுக் கம்ப்யூட்டருக்கு விலை குறைந்த பெட்டி போதுமா? விலை உயர்ந்த பெட்டிதான் வேண்டுமா?

'விலை குறைந்த பெட்டியே போதும்' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரணியில் பளபளப்பாக அமர்ந்திருக்கும் நண்பர்களே! (சிரிப்பு) பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எரியோட்டுத் தாய்மார்களே! வேடசந்தூரிலிருந்தும் வடமதுரையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற பெரியவர்களே! வீட்டில் தொலைக்காட்சி முன்னால் இருக்கிற நேயர்களே!

ஐயா, நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள். அதனால கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் பேசுவேன். தூக்கம் வந்தால் சொல்லுங்க, பெஞ்சு மேல ஏற்றி நிறுத்திடுவேன். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "ஆள் பாதி, ஆடை பாதி. கம்ப்யூட்டருக்கு ஆடை அதன் பெட்டி. அதில் கஞ்சத்தனம் கூடாது" என்றார். அண்ணே, பாதின்னுதானே சொல்லியிருக்காங்க? முக்கால்னு சொல்லலையே! ஆடைக்கே முக்கால் காசு போயிட்டா, உள்ளே இருக்கிற ஆளு பட்டினியில்ல கிடப்பான்! (கைதட்டல்)

தாய்மார்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் இதற்குப் பேர் கேபினெட். ஒரு தகரப் பெட்டி. அதற்குள்ளேதான் மதர்போர்டு, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் குடியிருக்கும். விளையாட்டை ஓட்டுவது பிராசஸர். படத்தைத் திரையில் வரைவது கிராபிக்ஸ் கார்டு. பெட்டி என்ன பண்ணும்? பெட்டி சும்மா நிற்கும். நம்ம வீட்டு மாப்பிள்ளை மாதிரி. (பலத்த சிரிப்பு)

ஆனால் சும்மா நிற்கிற அந்தப் பெட்டிக்கும் ஒரே ஒரு வேலை இருக்கிறது ஐயா. காற்றை உள்ளே விடுவது, சூட்டை வெளியே அனுப்புவது. இந்த வழக்கில் தீர்ப்பே அதில்தான் இருக்கிறது. விளக்குகிறேன்.

நடுத்தர ரகத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு 115 வாட்டிலிருந்து 200 வாட் வரைக்கும் இழுக்கும். பிராசஸர் 65, 100 வாட். மற்றதெல்லாம் சேர்த்தால், பையன் மும்முரமாக விளையாடும்போது 300 வாட் பக்கம் வரும். இந்த மின்சாரம் எங்கே போகிறது? கடைசியில் அத்தனையும் சூடாகத்தான் மாறும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஞாபகம் இருக்கா? எரியும்போது கை வைக்க முடியுமா? அந்த மாதிரி அஞ்சு பல்பை ஒரு தகரப் பெட்டிக்குள் எரியவிட்டு மூடினால் எப்படி இருக்கும்? அதுதான் ஐயா விளையாட்டுக் கம்ப்யூட்டர்!

சூடு ஏறினால் என்ன ஆகும்? பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பையன் கோல் அடிக்கப் போவான், படம் திக்கும், திணறும். "அம்மா, நெட்டு சரியில்லை"ன்னு கத்துவான். நெட்டு பாவம், அது என்ன பண்ணும்? பெட்டிக்குள்ளே மூச்சு முட்டுது! (கைதட்டல்)

இப்போ எதிரணி போற்றிப் புகழ்ந்த அந்த உயர்ந்த விலைப் பெட்டிகளைப் பாருங்கள். முன்பக்கம் கண்ணாடி, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே ஏழு கலர் விளக்கு. பார்த்தால் நம்ம ஊர்த் திருவிழா மாதிரி இருக்கு. ஆனால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியை வைத்து அடைத்துவிட்டால், விசிறி காற்றை எங்கிருந்து இழுக்கும்? ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியை ஐந்தில் வைத்த கதைதானே? 3,000 ரூபாய்ப் பெட்டியாக இருக்கட்டும், முன்பக்கம் கம்பி வலை இருந்தால் காற்று தாராளமாகப் போகும். சல்லடை மூச்சு விடும், ஷோகேஸ் மூச்சு விடாது!

"விலை உயர்ந்ததிலும் வலை வைத்தது இருக்கே" என்று எதிரணித் தங்கை முணுமுணுக்கிறாங்க. இருக்கும்மா. ஆனால் காற்று நல்லாப் போறதுக்குக் காரணம் வலைதானே? விலை இல்லையே! (கைதட்டல்)

இன்னொன்று. இந்தப் பெட்டிகளின் விளம்பரப் படங்களைப் பாருங்கள். ஏ.சி. அறையில் வைத்து எடுத்தவை. அங்கே காற்று 24 டிகிரி. நம்ம எரியோட்டில், சித்திரை மாசம், ஓட்டு வீட்டுக்குள்ளே? 35 டிகிரி இருக்கும்! அந்த 11 டிகிரி வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே பெட்டிக்குள்ளும் ஏறும். அது மட்டுமா? நம்ம வேடசந்தூர் வட்டாரம் நூற்பாலை வட்டாரம். சட்டையில் பஞ்சு, தலையில் பஞ்சு. கம்ப்யூட்டர் விசிறி பஞ்சையும் தூசியையும் சேர்த்து இழுக்கும். மூன்று மாசம் துடைக்காமல் விட்டால், 20,000 ரூபாய்ப் பெட்டியாக இருந்தாலும் அது தலையணைதான்! (பலத்த சிரிப்பு)

ஆகவே நமக்கு வேண்டியது என்ன? கழற்றித் தட்டுகிற மாதிரி ஒரு தூசி வடிகட்டி. முன்னால் காற்றை உள்ளே இழுக்க ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி, பின்னால் சூட்டை வெளியே தள்ள ஒரு விசிறி. முன்னால் இரண்டு இருந்தால் இன்னும் நல்லது. மாசம் ஒரு தடவை கரண்டை அணைத்துவிட்டு, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். பிரஷ்ஷுக்கு என்ன பெரிய செலவு? ஆனால் அதைப் பிடிக்கிற கை சோம்பேறிக் கையாக இருந்தால், எந்தப் பெட்டியும் காப்பாற்றாது.

எதிரணியின் அடுத்த வாதம்: "விலை கூடினால் பாதுகாப்பு கூடும்." அப்படியா? என்.இசட்.எக்ஸ்.டி. என்ற கம்பெனி எச் 1 என்று ஒரு பெட்டி விற்றது. பவர் சப்ளை, கூலர் எல்லாம் சேர்த்து 350 டாலர் அளவில் விலை. என்ன ஆச்சு? உள்ளே ஒரு சர்க்யூட் அட்டையைப் பிடிக்கிற இரண்டு திருகாணியால் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 32,000 பெட்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. கம்பெனி அதைச் சரி செய்ய முன்வந்தது, அது நல்ல விஷயம். நான் சொல்வது இவ்வளவுதான்: திருகாணிக்குப் பெட்டியின் விலை தெரியாது ஐயா! (கைதட்டல்)

வெறும் தோற்றத்துக்கு மனுஷன் எவ்வளவு கொடுப்பான்? 2020-ல் ஆப்பிள் கம்பெனி, தன்னுடைய மேக் புரோ கம்ப்யூட்டர் பெட்டிக்கு அடியில் மாட்ட நாலு சக்கரம் விற்றது. தனியாக வாங்கினால் 699 டாலர். நம்ம காசுக்கு 50,000 ரூபாய்க்கு மேல்! எஞ்சின் கிடையாது, பிரேக் கூடக் கிடையாது. வெறும் நாலு சக்கரம். அந்தக் காசுக்கு நம்ம ஊரில் ஓடுகிற பழைய வண்டியே வாங்கிவிடலாம்! (பலத்த சிரிப்பு)

"பெட்டி பத்து வருஷம் உழைக்கும், அதனால் நல்லதாகப் போடு" என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். இன்டெல் கம்பெனி 1995-ல் ஏ.டி.எக்ஸ். என்று ஓர் அளவை வகுத்தது. மதர்போர்டு 12 அங்குல நீளம், 9.6 அங்குல அகலம், ஓட்டைகள் இன்ன இடத்தில் என்று. இன்றைக்கும் அந்த அளவு நடைமுறையில் இருக்கிறது. அதனால் பெட்டி நீடிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ஓட்டைகள் 3,000 ரூபாய்ப் பெட்டியிலும் அதே இடத்தில்தானே இருக்கு? அதுவும்தானே நீடிக்கும்!

திண்டுக்கல் மாவட்டத்தில் நின்றுகொண்டு பூட்டைப் பற்றிப் பேசாமல் இறங்கலாமா? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம்ம திண்டுக்கல் பூட்டு. மாங்காய்ப் பூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே என்ன பெரிய அலங்காரம்? அதன் பெருமை உள்ளே இருக்கிற லீவரில் இருக்கிறது. சாவி ஒவ்வொரு லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். லீவர் கூடக் கூடத் திருடனுக்குக் கஷ்டம். நம்ம ஊர்த் தொழிலாளி உள்ளுக்கு உழைத்தான், ஊரே பேர் வாங்கியது. அந்த மண்ணில் வந்து "வெளியே பளபளப்புக்குக் காசு கொடு" என்கிறீர்களே, நியாயமா? (நீண்ட கைதட்டல்)

ஐயா, நடுவர் முகத்தைப் பார்த்தால், "ஏம்மா, மட்டமானதை வாங்கச் சொல்றியா?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. இல்லை ஐயா. விலை குறைந்தது வேறு, மட்டமானது வேறு.

என் மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்க ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர், "டீச்சர், இந்தப் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். இலவசம்" என்றார். கையில் தூக்கிப் பார்த்தேன். பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கு! மேலே மட்டும் 450 வாட் என்று பெரிய எழுத்து. "தம்பி, பெட்டி போதும், இலவசம் வேண்டாம்" என்றேன். "இலவசத்தை வேண்டாம்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான் டீச்சர்" என்றார். (சிரிப்பு)

தாய்மார்களே, இதை மட்டும் மறக்காதீங்க. பெட்டியில் மிச்சம் பிடிக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பிடிக்கக் கூடாது. வீட்டுக்கு வருகிற 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றி, உள்ளே இருக்கிற அத்தனை உயிருக்கும் சோறு ஊட்டுகிறது அதுதான். அது கெட்டால் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போகலாம். நல்ல கம்பெனியாக, 80 பிளஸ் முத்திரை உள்ளதாகத் தனியாக வாங்குங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். எர்த் இல்லாத வீட்டில் தகரப் பெட்டியைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கும். 3,000-மோ 30,000-மோ, எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதான் அடிக்கும்! அப்புறம், கிராபிக்ஸ் கார்டின் நீளம் பெட்டிக்குள் அடங்குமா என்று அளந்து பாருங்கள். உள் விளிம்பைத் தடவிப் பாருங்கள், கையைக் கிழித்தால் வேறு பெட்டி பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால், அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் கண்ணுக்குத்தான், கம்ப்யூட்டருக்கு இல்லை.

கடைசியாக ஒன்று சொல்லி அமர்கிறேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா. மில்லில் ஷிப்ட் வேலை. அறுந்த நூலைக் கண்டுபிடித்து ஒட்டி ஒட்டி, கண்ணே மங்கிப் போச்சு. மகன் காலேஜில் படிக்கிறான். படிப்புக்கும் ஆச்சு, விளையாட்டுக்கும் ஆச்சு என்று கம்ப்யூட்டர் கேட்டான். அக்கா சீட்டு எடுத்துக் காசு கொடுத்தது. பையன் 15,000 ரூபாய்க்குக் கண்ணாடிப் பெட்டிதான் வேண்டும் என்று நின்றான். "தகரப் பெட்டியோட போட்டோ போட்டா பசங்க கேலி பண்ணுவாங்க"ன்னான். அவனைக் குறை சொல்ல மாட்டேன் ஐயா. அந்த வயசில் கேலி என்பது நெருப்பு.

அக்கா என்னிடம் வந்து கேட்டது: "டீச்சர், கண்ணாடி இல்லைன்னா கம்ப்யூட்டர் ஓடாதா?"

பையன் பக்கத்தில்தான் நின்றான். நான் புத்தி சொல்லவில்லை. "தம்பி, 3,000-க்கும் 15,000-க்கும் வித்தியாசம் 12,000. அது அம்மாவுக்கு எத்தனை ஷிப்ட்டுன்னு நீயே கணக்குப் போடு" என்றேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. மறுநாள் போய், வலை வைத்த 3,000 ரூபாய்ப் பெட்டியை வாங்கினான். மிச்சத்தில் கரண்டு போனால் தாங்குகிற மாதிரி ஒரு யூ.பி.எஸ். வாங்கினான். அதற்கு மேல் மிஞ்சியதை அம்மா கையில் கொடுத்து, அவனே கூட்டிப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினான்.

பெட்டிக்குப் போட வேண்டிய கண்ணாடி, பெற்றவள் முகத்துக்கு வந்தது ஐயா! (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, எதிரணி பெட்டியைப் பார்க்கிறது. நாங்கள் பெட்டிக்குள்ளே இருக்கிறதையும், அதை வாங்கிக் கொடுக்கிற கையையும் பார்க்கிறோம். காற்று போகிற பெட்டி போதும், காசைக் கரைக்கிற பெட்டி வேண்டாம். விலை குறைந்த பெட்டியே போதும் என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள். அப்படித் தராவிட்டால், தாய்மார்களே, நடுவர் ஐயாவை பெஞ்சு மேல ஏற்றிடுவோம்! (சிரிப்பு, கைதட்டல்)